புண்ணில் புழு வைத்தது யார்?

"நீ புழுத்துச் சாவாய்!" - நம் ஊரில் இதைவிடக் கொடிய சாபம் கிடையாது. வாய்க்கால் தகராறில் சொல்லுவார்கள், குழாயடிச் சண்டையில் சொல்லுவார்கள். ஆகவேதான், ஒருவன் உடம்பிலுள்ள புண்ணில் மெய்யாகவே புழு கண்டுவிட்டால், அவனும் அவன் குடும்பத்தாரும் அதை நோய் என்று நினைப்பதில்லை. யாரோ இட்ட சாபம் பலித்துவிட்டது என்றே நினைக்கிறார்கள். கதவைச் சாத்துகிறார்கள். துணியைப் போட்டு மூடுகிறார்கள். அக்கம்பக்கத்தாரிடம் சொல்வதில்லை, டாக்டரிடம் காட்டுவதில்லை. மூடிய துணிக்குள்ளே புழு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தோல் புற்றுநோய்ப் புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும் கொடுமையைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறோம். காலையில் காப்பியுடன் பத்திரிகை படிக்கும் வாசகர்கள் சிலருக்கு இது அருவருப்பாக இருக்கலாம். இருக்கட்டும். நம் தலைநகரத்தின் நடுமத்தியில், கபாலீசுவரர் கோயில் கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், தியாகராய நகரின் தங்க மாளிகைகளுக்குப் பின்சந்தில், அடையாற்றங்கரையில் மனிதர்கள் இதை அனுபவிக்கிறார்கள். அனுபவிப்பவனைவிடப் படிப்பவனுக்கு அதிகக் கஷ்டம் ஒன்றும் இல்லை.

ஒரு மூதாட்டியைப் பற்றிச் சொல்லுகிறோம். பெயர் வேண்டாம். மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் பிறந்து வளர்ந்தவர். இளம் வயதில் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்து முழங்காலுக்குக் கீழே வெந்துபோனது. புண் ஆறித் தழும்பாயிற்று. அந்தத் தழும்போடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் தியாகராய நகரில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அவர் குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வேலை பழைய இடத்திலேதான். போக வர நாற்பது கிலோமீட்டர். சோப்புத் தண்ணீரிலும் பஸ் நெரிசலிலும் பழைய தழும்பு ஒருநாள் வெடித்தது. ஆறவில்லை. ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம். ஓரம் தடித்துக் காலிப்பூவைப் போல் வளர்ந்தது. நாற்றம் எடுத்தது. முதல் வீட்டுக்கார அம்மாள், "உடம்பு சரியான பிறகு வா" என்றார். அடுத்த இரண்டு வீடுகளும் அப்படியே. வேலை போயிற்று, வருமானம் போயிற்று, படுத்தார். படுத்த பத்தாம் நாள் கட்டுத் துணியில் ஏதோ நெளிவதைப் பேத்தி பார்த்தாள்.

அதன் பிறகு நடந்ததுதான் இன்னும் கொடுமை. பக்கத்து வீட்டார் பினாயிலை ஊற்றச் சொன்னார்கள்; ஊற்றினார்கள். தோல் வெந்தது, புழு உள்ளே போயிற்று. ஆட்டோ பிடித்து ஒரு தனியார் நர்ஸிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, "இங்கே இதெல்லாம் பார்ப்பதில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். அங்கே ஒரு நர்ஸ் - சின்னப் பெண் - முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டாளாம். நூற்றுக்கு மேல் எண்ணிவிட்டு எண்ணிக்கையை விட்டுவிட்டாளாம்.

"நான் இன்னா பாவம் பண்ணேன்மா?" என்று மூதாட்டி அழுதார்.

"பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல ஆயா. ஈ உக்காந்துச்சு. அவ்ளோதான்" என்றாள் அந்தப் பெண்.

புழுவை மூன்று நாளில் எடுத்துவிட்டார்கள். சதையை வெட்டிப் பரிசோதித்ததில் புற்றுநோய் என்று தெரிந்தது. எலும்பு வரை இறங்கியிருந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். உயிர் தப்பியது. பாத்திரம் தேய்க்கும் பிழைப்பு தப்பவில்லை.

ஈக்குத் தெரிந்த நாள்

"அவ்ளோதான்" என்று அந்த நர்ஸ் சொன்னது விஞ்ஞானம். அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் நம் எதிராளிகள் இதில்தான் மண்ணைத் தூவுகிறார்கள்.

புண்ணில் புழு வைக்கும் ஈக்கள் பல வகை. அழுகிய மாமிசத்திலும் குப்பையிலும் முட்டையிடும் ஈக்கள், நாற்றத்துக்கு வந்து மனிதப் புண்ணிலும் இடுவதுண்டு. இவை பெரும்பாலும் செத்த சதையைத் தின்னும். ஆனால் நம் நாட்டில் மிகக் கொடியது வேறொன்று. கிரைசோமியா பெசியானா என்று விஞ்ஞானிகள் பெயரிட்டிருக்கும் நீலப்பச்சை ஈ. 1914-ல் வில்நவ் என்பவர் ஆப்பிரிக்காவிலிருந்து கிடைத்த ஈயை வைத்து இதற்குப் பெயரிட்டார். இதன் புழுவுக்கு உயிருள்ள சதை வேண்டும். பெண் ஈ புண்ணின் ஓரத்தில் ஒரே தடவையில் நூற்றைம்பது, இருநூறு முட்டைகளை ஒட்டி வைத்துவிட்டுப் போய்விடும். ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். புழு தலைகீழாகச் சதைக்குள் துளைத்து இறங்கும்; மூச்சுவிடும் துளைகள் பின்புறத்தில் இருப்பதால் வாலை மட்டும் மேலே வைத்திருக்கும். உடம்பில் வளையம் வளையமாக முட்கள். திருகாணி போல் பிடித்துக்கொள்ளும். பிடித்து இழுத்தால் சுலபத்தில் வராது. ஏறத்தாழ ஒரு வாரம் தின்று கொழுத்து, தானே கீழே விழுந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகப் பறக்கும். அதற்குள் புதுப் புண்ணின் நாற்றம் இன்னும் பல ஈக்களை அழைத்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. இங்கே, கிண்டியிலேயே, கிங் நிறுவனத்தில் பணிபுரிந்த பேட்டன், கிராக் என்ற இரு ராணுவ டாக்டர்கள் 1913-ல் நோய் பரப்பும் பூச்சிகளைப் பற்றி ஒரு பெரிய பாடநூலே வெளியிட்டார்கள். அதே பேட்டன் 1920-ல் இந்த ஈயைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். இந்தியாவில் மனிதர், கால்நடைகளின் தோல் புண்ணில் புழு வைக்கும் சாதாரண ஈ இதுதான் என்று அப்போதே எழுதியாயிற்று. வெள்ளைக்கார சர்க்காரின் அதிகாரி எழுதினார். எழுதி நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அடையாறு மத்திய கைலாசத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்திலுள்ள கிண்டியில் தெரிந்த விஷயம், அடையாற்றங்கரைக் குடிசைக்கு நூறு ஆண்டுகளில் வந்து சேரவில்லை. இது என்ன தூரம்?

புற்றுநோய்ப் புண்ணை ஈ ஏன் தேடுகிறது? கட்டி வேகமாக வளர்கிறது, ரத்த ஓட்டம் அதற்கு ஈடு கொடுப்பதில்லை. நடுவிலுள்ள சதை சாகிறது, கிருமி புகுகிறது, நீர் வடிகிறது, நாற்றம் எழுகிறது. சில இடங்களில் நரம்பும் அரிக்கப்பட்டுவிடுவதால் புழு ஊர்வதே தெரிவதில்லை. முதுகில், பிடரியில், காதுக்குப் பின்னால் இருந்தால் நோயாளியால் பார்க்கவும் முடியாது. கிழவனோ கிழவியோ தனியாகப் படுத்திருந்தால் ஈயை விரட்டக் கை எழாது. டாக்டர் பார்ப்பதற்கு முன்னால், மகன் பார்ப்பதற்கு முன்னால், வார்டு கவுன்சிலர் பார்ப்பதற்கு முன்னால் ஈ பார்த்துவிடுகிறது.

"சுத்தம் இல்லாதவர்கள்" என்ற அவதூறு

இதோ வருகிறார்கள் நம் கனவான்கள். சபாக் கச்சேரிக்கும் நாகேசுவர ராவ் பூங்காவில் காலை நடைக்கும் போகிற சில பெரியவர்கள் இப்படிப் பேசுவதை நாம் நேரிலேயே கேட்டிருக்கிறோம்: "இந்த ஜனங்களுக்குச் சுத்தம் போதாது. குளிப்பதில்லை. குப்பையிலே வாழ்கிறார்கள். புழு வைக்காமல் என்ன செய்யும்?"

நாமும் குப்பையைப் பற்றிச் சும்மா இருந்தவர்கள் அல்ல. 2000-ஆம் ஆண்டில் இந்நகரின் குப்பை வாரும் வேலையை வெளிநாட்டுக் கம்பெனியின் கையில் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் அமர்ந்த துப்புரவுத் தொழிலாளர்களை நள்ளிரவில் போலீஸ் அள்ளிச் சென்றது வரை, தனியார்மயத்தை எதிர்த்தே நிற்கிறோம். ஆனால் உண்மையை உண்மையென்று சொல்ல வேண்டும். நாம் மேலே சொன்ன ஈ குப்பைத்தொட்டியில் வளர்வதில்லை. உயிருள்ள உடம்பின் ஆறாத புண் ஒன்றுதான் அதற்குத் தொட்டில். மாட வீதியில் அலையும் மாட்டின் கொம்படிப் புண், தெருநாயின் காது, மனிதனின் கால் - எது திறந்து கிடக்கிறதோ அங்கே வளர்கிறது. ஆகவே, "அழுக்கன், அதனால் புழு வைத்தது" என்கிற வாதம் விஞ்ஞானத்தின் முன் நிற்காது. தினம் இரண்டு வேளை குளிக்கிறவன் புண்ணிலும் அது உட்காரும், புண் திறந்திருந்தால். குளிக்காதவன் புண்ணில் உட்காராது, கட்டு ஒழுங்காகப் போட்டிருந்தால். விஷயம் சோப்பில் இல்லை, கட்டில் இருக்கிறது. தினசரிக் கட்டுப்போட யாருக்கு வழி இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதில் இருக்கிறது.

இன்னொரு மேதாவி எழுந்திருக்கிறார். அவர் ஏதோ ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருக்கிறார். "புழு புண்ணைச் சுத்தம் செய்யுமாமே! முதல் உலக யுத்தத்தில் காயம்பட்ட சிப்பாய்களின் புண்ணைப் புழுவே ஆற்றியதாமே!" என்கிறார். ஆமாம், பேர் என்ற அமெரிக்க டாக்டர் 1917-ல் போர்க்களத்தில் அதைக் கண்டு, பிற்பாடு வைத்தியமாகவே செய்தார். 2004-ல் அமெரிக்க சர்க்கார் அதற்கு அனுமதியும் கொடுத்தது. ஆனால் அது வேறு ஈ, லூசிலியா இனம். சோதனைச் சாலையில் கிருமியின்றி வளர்த்து, கணக்காக எண்ணி வைத்து, இரண்டு மூன்று நாளில் எடுத்துவிடுகிறார்கள். அது செத்த சதையை மட்டும் தின்னும். நம் ஊர்ப் புழு உயிர்ச் சதையைத் தின்னும். மூக்கோரத்தில் வைத்தால் கண்ணுக்குழி வரை போகும், மண்டையோடு வரை போகும். அரைகுறைப் படிப்பை வைத்துக்கொண்டு ஏழையின் வலிக்குப் பக்கவாத்தியம் வாசிக்க வேண்டாம் என்று அந்த மேதாவியைக் கேட்டுக்கொள்கிறோம்.

கர்மவினை பேசுகிறவர்களுக்கு நாம் பதில் எழுதப் போவதில்லை. அந்த நர்ஸ் பெண் ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

வருஷக்கணக்கில் வளர்ந்த குற்றம்

தோல் புற்றுநோய் என்பது மற்றப் புற்றுநோய்களைப் போல் உள்ளுக்குள் ஒளிந்து வளர்வதல்ல. கண்ணுக்கு முன்னால், தோலின் மேல், வெட்டவெளியில் வளர்வது. அதில் ஒரு வகை - அடித்தோல் அணுக்களில் தோன்றுவது - பெரும்பாலும் முகத்தில் ஒரு சிறு முத்துப் போலத் தொடங்கும். நடுவில் குழிந்து எலி கடித்தாற்போல் அரித்துக்கொண்டே போகும். மெள்ள மெள்ள, வருஷக்கணக்கில். உடம்பின் மற்ற இடங்களுக்குப் பரவுவது மிக அபூர்வம். பட்டாணி அளவில் இருக்கும்போது வெட்டி எடுத்தால், மரத்துப்போகும் ஊசி ஒன்று, தையல் நாலு, வீட்டுக்கு நடந்தே போகலாம். பெரும்பாலானவர்களுக்கு அத்தோடு தீர்ந்தது. அப்படிப்பட்ட நோயில் ஒருவன் மூக்கில்லாமல், புழுவோடு வந்து நிற்கிறான் என்றால், எத்தனை வருஷம் எத்தனை பேர் அவன் முகத்தைப் பார்த்தும் பாராமல் போயிருக்க வேண்டும்!

வெள்ளைத் தோல்காரர்களுக்கு வெயிலால் தோல் புற்றுநோய் அதிகம் வருகிறது. நம் கறுத்த தோல் அந்த அளவுக்கு வெயிலுக்கு இடம் கொடுப்பதில்லை. நம்மவர்க்கு அது பெரிதும் வேறு வாசல் வழியாக வருகிறது: தீப்புண் தழும்பு, ஆறாத காயம், நாள்பட்ட குழிப்புண். இப்படித் தழும்பில் எழும் புற்றை மார்ஜோலின் புண் என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு டாக்டர் ஒருவரின் பெயர். தழும்புக்கும் புற்றுக்கும் இடையே சராசரி முப்பது ஆண்டுகள் என்பது வைத்திய நூல் கணக்கு. காஷ்மீரத்து ஏழை குளிருக்காக அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் கங்கிடிச் சட்டியால் வயிற்றிலும் தொடையிலும் இதே நோய் வருகிறது. வேட்டியும் சேலையும் இறுக்கிக் கட்டும் இடுப்புத் தழும்பிலும் வந்திருக்கிறது. அடுப்பு வெடித்தவர், கொதிக்கும் எண்ணெய் கொட்டியவர், தார் போட்டவர், பாய்லர் பக்கத்தில் நின்றவர் - இந்த ஜாபிதாவில் மாடி வீட்டுக்காரர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று வாசகர்களே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

முப்பது ஆண்டு அவகாசம் கொடுக்கிற நோய் இது! முப்பது ஆண்டில் ஒரு தடவையாவது யாராவது, "அம்மா, இந்தத் தழும்பில் புண் வந்தால் உடனே வந்து காட்டு" என்று சொல்லியிருந்தால் அந்த மூதாட்டியின் கால் இருந்திருக்கும்.

12 படுக்கையில் தொடங்கிய போராட்டம்

நியாயமாகப் பேச வேண்டும். இந்நகரில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியின் வரலாறே ஒரு போராட்ட வரலாறுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1923-ல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அன்றிலிருந்து தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். புற்றுநோய் வந்தால் சாவுதானே, அதற்கு ஆஸ்பத்திரி எதற்கு என்கிற மனோபாவம் அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு. வீடு வீடாகப் பணம் திரட்டினார்கள் மாதர்கள். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் தேதி 12 படுக்கைகளோடு கதவு திறந்தது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் சேர்ந்து 2021 ஜனவரியில் கண்மூடும் வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்த டாக்டர் சாந்தாவும் அதைக் கட்டி வளர்த்தார்கள். பணமில்லை என்பதற்காக நோயாளியைத் திருப்பி அனுப்பாத இடம் என்று அது பெயர் எடுத்திருக்கிறது. ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரியிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. அங்கேயெல்லாம் வேலை செய்கிற டாக்டர்கள், நர்ஸுகள், துப்புரவுப் பணியாளர்கள் மீது நமக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தப் புழுவைக் கையால் எடுப்பவர்கள் அவர்கள்தாம்.

நாம் கேட்பது வேறு. அடையாறு ஆஸ்பத்திரி வாசலுக்கு அஸ்ஸாமிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் நோயாளி வந்து சேர்கிறான். ஆனால் அதே அடையாற்றின் கரையிலிருந்தவளால் போய்ச் சேர முடியவில்லையே, ஏன்?

ஏனென்றால் ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகிறது. வீட்டு வேலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. கிடையாது, நோய் விடுப்பு கிடையாது. 2007-ல் நல வாரியம் அமைத்தார்கள். அட்டை வாங்கியவர் எத்தனை பேர், அட்டையால் கூலி இழப்புக்கு ஒரு ரூபாய் வாங்கியவர் எத்தனை பேர்? 2009-ல் ஒரு காப்பீட்டுத் திட்டம், 2012-ல் வேறொரு பெயரில் விரிவான திட்டம். நல்லது, பெரிய ஆபரேஷனுக்கு அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் காலை மாலை இரண்டு வேளை கட்டு மாற்றுவதற்கு எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆள் அனுப்பும்? புழு வைப்பதைத் தடுப்பது ஆபரேஷன் அல்ல; அந்த இரண்டு வேளைக் கட்டுதான்!

அதோடு, ஜனங்களைத் தூக்கி எங்கே எறிந்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 2000-ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு சாரிசாரியாகப் பெரும்பாக்கம். ஆற்றோரத்தில் குடிசை இருந்தால் வெள்ளத்தடைப்பு. அதே ஆற்றோரத்தில் அடுக்குமாடி எழுந்தால் அபிவிருத்தி. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்க வந்தபோது ஒரு முதியவர் தீக்குளித்து மாண்டார். மயிலாப்பூரில் இருந்தவளுக்கு ராயப்பேட்டை ஆஸ்பத்திரி நடை தூரம். பெரும்பாக்கத்தில் இருப்பவளுக்கு? பெண்களுக்குப் பஸ் இலவசம் என்பார்கள். ஆம், 2021-லிருந்து இலவசம், வரவேற்றோம். நாற்றமெடுக்கும் காலோடு அந்த பஸ்ஸில் ஏறிப் பார்க்கட்டும், எத்தனை நிறுத்தம் வரை உட்கார விடுவார்கள் என்று!

இதற்கிடையில் நகரம் ஜொலிக்கிறது. 2019-ல் தரமணியில் ஒரு பெரிய வைத்தியக் கம்பெனி தென்னாசியாவிலேயே முதலாவதான புரோட்டான் கதிர் மையத்தைத் திறந்தது. இந்தியாவின் வைத்தியத் தலைநகரம் சென்னை என்று பத்திரிகைகள் பறைசாற்றின. அதே 2019-ல் பாண்டி பஜாரில் சுமார் 40 கோடி ரூபாயில் அகல நடைபாதை போட்டார்கள். இருக்கட்டும், நடக்க வேண்டியதுதான். ஆனால் அந்த 40 கோடியில் எத்தனை சுருள் கட்டுத்துணி வாங்கலாம்?

மாட்டுக்குக் கிடைத்த மரியாதை

இனி ஒரு வேடிக்கை. வயிறு எரியும் வேடிக்கை.

நம் ஈயின் தூரத்து உறவு ஒன்று அமெரிக்கக் கண்டத்தில் இருக்கிறது. அதுவும் உயிர்ச் சதை தின்னும் திருகுப்புழு. அங்கே அது மாட்டுப் பண்ணை முதலாளிகளின் மாடுகளைத் தின்றது. விட்டார்களா? நிப்லிங், புஷ்லண்ட் என்ற இரு விஞ்ஞானிகளை வேலையில் இறக்கினார்கள். பெண் ஈ வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே தடவைதான் இணைகிறது என்று கண்டார்கள். ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்த்து, கதிர்வீச்சில் மலடாக்கி, விமானத்திலிருந்து கொட்டினார்கள். மலட்டு ஆணோடு இணைந்த ஈயின் முட்டை பொரியாது. 1954-ல் குராசாவ் தீவில் ஒழித்தார்கள். 1966-ல் அமெரிக்காவிலேயே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பிறகு மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா, பனாமா வரை விரட்டினார்கள். 1988-ல் அந்த ஈ லிபியாவுக்குள் புகுந்தபோது, மெக்ஸிகோவில் வளர்த்த மலட்டு ஈக்கள் நூறு கோடிக்கு மேல் கடல் தாண்டி விமானத்தில் பறந்தன, 1991-ல் ஒழித்துவிட்டார்கள். 2023-லிருந்து பனாமாத் தடுப்பை உடைத்துக்கொண்டு ஈ மறுபடி வடக்கே வந்தது. 2024-ல் மெக்ஸிகோவில் கண்டது. உடனே வாஷிங்டன் அலறியது. 2025-ல் மெக்ஸிகோ மாடுகளுக்கு எல்லையையே மூடிவிட்டது.

விஞ்ஞானத்தின் இந்த வெற்றியை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். இந்த உத்தி நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்றும் சொல்லவில்லை. மாட்டிறைச்சிச் சந்தையில் லாபம் குறைகிறது என்றவுடன் ஈயை விரட்ட ஆகாய விமானம் பறக்கிறது. அடையாற்றங்கரைக் கிழவியின் காலில் அதே ஜாதிப் புழு நெளியும்போது ஒரு சைக்கிள்கூட வரவில்லை. இதைத்தான் சொல்லுகிறோம்.

அதிலும் நமக்கு வேண்டியது ஆகாய விமானம் அல்லவே! புழுவை எடுக்கும் வைத்தியம் மலிவிலும் மலிவு. டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த துணியை டாக்டர் மேற்பார்வையில் சிறிது நேரம் வைத்தால், மூச்சுத் திணறிப் புழு மேலே வரும், இடுக்கியால் எடுக்கலாம். ஐவர்மெக்டின் என்ற மாத்திரை இருக்கிறது. ஜப்பானின் ஓமுராவுக்கும் அயர்லாந்தில் பிறந்த கேம்பெல்லுக்கும் 2015-ல் நோபல் பரிசு வாங்கித் தந்த மருந்து. சில ரூபாய்தான் விலை. புண்ணின் நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் பெரிதும் அடங்கும். அதுவும் சில்லறைக் காசு. வலிக்கு மார்பின் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டம் அதை ஆஸ்பத்திரிக்கே எட்டாக்கனியாக்கியது. 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்திய பிறகும் எத்தனை ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பின் மாத்திரை இருப்பு இருக்கிறது என்று சுகாதார இலாகா வெளியிடட்டும்.

கேரளத்தைப் பார்க்கச் சொல்லுகிறோம். 1993-ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து தொடங்கிய வலி நிவாரண சங்கம், வீடு தேடிப் போகும் இயக்கமாக வளர்ந்தது. 2008-ல் அந்த மாநில சர்க்கார் அதைக் கொள்கையாகவே அறிவித்துப் பஞ்சாயத்துகளின் வேலையாக்கியது. நர்ஸ் வீட்டுக்கே வருகிறாள், கட்டு மாற்றுகிறாள், வீட்டாருக்குக் கட்டுப்போடக் கற்றுக்கொடுக்கிறாள். நம் தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள். நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கு வருகிறது. நோய் தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியது போதாது. மாத்திரைப் பையோடு வரும் அந்தச் சகோதரி, வீட்டின் உள்ளறையில் துணி மூடிப் படுத்திருப்பவரைப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு அவளுக்குப் பயிற்சி வேண்டும், கையுறை வேண்டும், நேரம் வேண்டும், சோற்றுக்குப் போதுமான சம்பளம் வேண்டும்.

நம் குறை

இவ்வளவும் எழுதிய பிறகு நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதாவிட்டால் அது நேர்மையாகாது.

அந்த மூதாட்டி நம் கூட்டங்களுக்கு வந்தவர். குடியிருப்புப் பட்டா கேட்டு நாம் நடத்திய ஊர்வலத்தில் கொடி பிடித்தவர். பெரும்பாக்கத்துக்குப் போன பிறகும் ஒரு கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில், எல்லோரையும் விட்டு விலகி உட்கார்ந்திருந்தார். சேலையை இழுத்து இழுத்துக் காலை மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்த தோழர்கள் இருந்தார்கள். "ஏன் அம்மா தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கூலியைக் கேட்டோம், பட்டாவைக் கேட்டோம், குடிநீரைக் கேட்டோம். கூடவே நின்றவரின் காலைக் கேட்கவில்லை. உடம்பு அவரவர் சொந்த விவகாரம் என்கிற கனவான்களின் நினைப்பு நமக்குள்ளும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது போலும்.

நம் கோரிக்கைகளை மாநகராட்சியும் மாநில சர்க்காரும் கேட்டுக்கொள்ளட்டும். ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காலையும் மாலையும் கட்டுப்போடும் அறை திறந்திருக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவன் போவதற்கு முன்னும் வந்த பின்னும் வர முடிய வேண்டும். பெரும்பாக்கம், கண்ணகி நகர், செம்மஞ்சேரிக் குடியிருப்புகளுக்குப் புண் பார்க்கும் நர்ஸுகள் தனியாக வேண்டும். புற்றுநோய்க்காகப் படுத்த முறைசாராத் தொழிலாளிக்குக் கூலி இழப்பீடு வேண்டும். புழு என்ற காரணத்தால் நோயாளியை வாசலில் திருப்புகிற எந்த ஆஸ்பத்திரியும், அது எவ்வளவு பெரிய கண்ணாடிக் கட்டடமாக இருந்தாலும், தண்டிக்கப்பட வேண்டும். 1946-லேயே போர் கமிட்டி, பணமில்லை என்பதால் யாருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்று சிபாரிசு செய்தது. 2017-ல் மத்திய சர்க்கார், தேச வருமானத்தில் 2.5 சதவீதம் 2025-க்குள் சுகாதாரத்துக்கு என்று கொள்கை எழுதியது. 2025 வந்தது, போயிற்று, 2.5 வரவில்லை.

சர்க்கார் கேட்கும் வரை நம் கிளைகள் காத்திருக்க வேண்டாம். தென்சென்னைத் தோழர்கள் வீடு வீடாகப் போகும்போது துண்டுப் பிரசுரத்தோடு ஒரு கேள்வியையும் எடுத்துச் செல்லட்டும்: "இந்த வீட்டில் யாருக்காவது ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண் இருக்கிறதா? பழைய தீத்தழும்பில் புதுப் புண் உண்டா?" மாதர் தோழர்கள் உள்ளறை வரை போய்க் கேட்கட்டும். இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், தனியாக அனுப்பாதீர்கள், சீட்டு எழுதும் வரிசையில் கூடவே நில்லுங்கள். புழு கண்டிருந்தால் பினாயில், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு எதையும் ஊற்ற விடாதீர்கள். சுத்தமான ஈரத் துணியால் மூடி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். கொண்டு போகும்போது முகத்தைச் சுளிக்காதீர்கள். அவர்கள் முதலில் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான்.